கரையான்சாவடியில் பனி கொட்டுகிறது

கரையான்சாவடி நிறுத்தத்தில் ஆவடி பஸ்ஸுக்காக உட்கார்ந்திருக்கிறேன். வெயில் ஏறுகிறது. கைப்பேசியில் எண்பதுகளில் வந்த ஒரு ஜப்பானிய அனிமேஷன் படம் ஓடுகிறது. பள்ளி நாட்களில் வீடியோ கேசட்டில் பார்த்தது. இப்போது பார்த்தால் சப்பென்று இருக்குமோ என்று பயந்துகொண்டேதான் போட்டேன். அப்படி இல்லை. திரையில் பனி கொட்டுகிறது. ஒவ்வொரு பொட்டும் யாரோ கையால் வைத்தது.

பக்கத்தில், பாடியில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போகிற அக்கா எட்டிப் பார்க்கிறார்.

“அந்தப் பொண்ணு இன்னாத்துக்கும்மா அழுவுது?”

“அவளோட நாய்க்குட்டி பனியில தொலைஞ்சுபோச்சுக்கா.”

“கெடைக்குமா?”

“முடிவைச் சொல்லிடவா?”

“வாணாம், வாணாம். நானே பாக்குறேன்.”

இயர்போனைக் கழற்றிவிட்டுக் கைப்பேசியை இருவருக்கும் நடுவில் பிடிக்கிறேன். பாடி பஸ் வந்து நிற்கிறது. அக்கா ஒருமுறை நிமிர்ந்து பார்க்கிறார், எழுந்திருக்கவில்லை.

“போவட்டும். பின்னாடியே இன்னொண்ணு வரும்.”

பஸ் கிளம்பிப் போகிறது. திரையில், பனிக் குவியலுக்குள்ளிருந்து ஒரு சின்ன வால் ஆடுகிறது. அக்கா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார்.

“கீதும்மா! உசுரோட கீது!”

எனக்கு முடிவு முன்பே தெரியும். இருந்தும், என் கையை விட்டுவிட்டு அவர் கைதட்ட, கைப்பேசியை மடியில் வைத்துவிட்டு நானும் கைதட்டிவிடுகிறேன்.