தறி நின்ற ஞாயிறும் ஒரு சுமாரான எபிசோடும்

இப்போதும் சொல்கிறேன், அது சுமாரான எபிசோட்தான். போன வாரம் ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது போனில் மறுபடியும் பார்த்தேன். விண்கப்பலின் கேப்டனும் டாக்டரும் லிஃப்டில் மாட்டிக்கொள்கிறார்கள். மாட்டிக்கொண்டவர்கள் வெளியே வர வழி பார்க்காமல் உட்கார்ந்து பழைய கதை பேசுகிறார்கள். பேசப் பேச, நாம் ஏற்கெனவே பார்த்த காட்சிகளையே திரும்பக் காட்டுகிறார்கள். எடுத்தவர்களுக்கு அந்த வாரம் சரக்கு தீர்ந்துவிட்டது போலும், ஒப்பேற்றிவிட்டார்கள். ஆனால் என் பழைய நோட்டில் இதற்குப் பத்துக்கு ஆறரை என்று நானே மார்க் போட்டிருக்கிறேன். அந்த ஆறரை எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. ஆந்திர எல்லையில் இருக்கும் நகரி எங்கள் ஊர், எங்கள் தெரு முழுக்க விசைத்தறி. முன்னறையில் டிவி, சுவருக்கு அந்தப் பக்கம் எங்கள் நான்கு தறிகள். ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்குத் தெலுங்கு சேனலில் அந்தத் தொடர் வரும். ஞாயிறு தறிக்கு லீவு என்பதால் ஒரு வசனம் விடாமல் கேட்பேன். முடிந்ததும் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் மார்க் போடுவேன். பத்துக்குப் பத்து வாங்கியவை இரண்டே எபிசோடுகள். லேசில் மார்க் போடுகிற ஆள் இல்லை நான்.

தீபாவளி வந்து கெடுத்தது. ஆர்டர் குவிந்ததில் ஞாயிறும் தறி ஓட்டினார்கள். நான்கு தறி ஓடும் வீட்டில் டிவியை எவ்வளவு சத்தமாக வைத்தாலும் வாயசைவுதான் மிஞ்சும். மூன்று வாரம் ஊமைப்படம் பார்த்தேன். கப்பலில் இருக்கும் ஏழு பேரில் ஒருவன், மனித உருவத்தில் வந்திருக்கும் வேற்றுக்கிரகத்து உளவாளி. அவன் யார் என்று நான்காம் வாரம் சொல்லப்போகிறார்கள். இன்ஜினியர்தான் என்று வகுப்பில் எல்லோரிடமும் சத்தியம் செய்து வைத்திருந்தேன். திங்கட்கிழமை போய், சத்தம் கேட்கவில்லை என்று சொல்லிக்கொண்டு நிற்பதா? மானம் போய்விடாதா?

அரை மணி நேரம் தறியை நிறுத்தும்படி அப்பாவிடம், எங்கள் வழக்கில் நைனாவிடம், கெஞ்சினேன். "தீவாளி முடியட்டும், நாள் பூரா பாத்துக்கினு இரு" என்றார். உளவாளி தீபாவளி வரைக்கும் காத்திருப்பானா?

அந்த ஞாயிறு பதினொன்றுக்குச் சற்று முன்னால் நைனா டீ குடிக்கப் போனார். அம்மா தறிகளுக்கு நடுவே அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தாள். நான் கதவோரம் இருந்த மோட்டார் சுவிட்சைக் கீழே இறக்கிவிட்டேன். நான்கு தறியும் நின்றன. தறிக்குத் தனி லைன் என்பதால் டிவி ஓடிக்கொண்டிருந்தது. "லைன் பூட்ச்சா?" என்றாள் அம்மா. பொய் சொல்லக்கூடாது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள், அதனால் நான் வாயே திறக்கவில்லை. கிடைத்த நேரத்தில் துணி துவைக்கலாம் என்று அவள் பின்பக்கம் போய்விட்டாள்.

தாத்தா, அதாவது நைனாவைப் பெற்றவர், பத்து நாளாகக் காய்ச்சலில் முன்னறைக் கட்டிலில் கிடந்தார். நைனா தறியை விட்டு அடிக்கடி வந்து அவர் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்துவிட்டுப் போவார். அன்று தறிச் சத்தம் நின்றதும் தாத்தா கண் விழித்தார். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "இன்னா படம் இது?" என்று கேட்டார். எனக்குத் துணைக்கு ஒரு ஆள் கிடைத்த சந்தோஷம்.

இங்கே எங்கள் தெரு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தீபாவளி நேரத்தில், கரண்ட் இருக்கும்போது, ஒரு வீட்டில் எல்லாத் தறியும் நின்றால் அந்த வீட்டில் சாவு என்று அர்த்தம். யாரையும் கேட்காமலே பக்கத்து வீட்டுக்காரர் தன் தறியை நிறுத்துவார். பிறகு அதற்கடுத்த வீடு. இது எனக்குத் தெரியாததில்லை. கேப்டன் நினைப்பில் சுத்தமாக மறந்துவிட்டேன்.

லிஃப்ட் மாட்டிக்கொண்ட காட்சி வருவதற்குள் தெருவே அடங்கிவிட்டது. அடடா, எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்று நான் பூரித்துப்போனேன். எதிர்வீட்டு மாமா தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்தபடி வாசலில் வந்து நின்றார். பின்னால் பத்துப் பேர். ஒருத்தர் கையில் மாலை.

"எப்போ பூட்டாரு?" என்றார் மாமா, தணிந்த குரலில்.

"யாரு?" என்றார் தாத்தா, கட்டிலிலிருந்து.

மாமா அவிழ்த்த துண்டைத் திரும்பத் தலையில் கட்டிக்கொண்டார். மாலைக்காரர் மாலையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். அதற்குள் யாரோ, இரண்டு தெரு தள்ளியிருக்கும் அத்தைக்கு போன் போட்டுவிட்டார்கள். "என்னப் பெத்த நைனா, என்ன உட்டுட்டுப் பூட்டியே!" என்று தெருமுனையிலிருந்தே மாரில் அடித்துக்கொண்டு வந்தாள். தாத்தா எரிச்சலோடு திரும்பினார்.

"இன்னாத்துக்குடி கத்தற? அந்த ஆளு பேசறதே கேக்கல."

அத்தை ஓடிப்போய் அவர் முகத்தைத் தடவிப் பார்த்தாள். அப்புறம் அவரைக் கட்டிக்கொண்டு இன்னும் சத்தமாக அழுதாள். அதில் கேப்டனின் இரண்டு வசனங்கள் எனக்குப் போயின.

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு நைனா ஓடி வந்தார். ஒரு காலில் செருப்பில்லை, சட்டையெல்லாம் டீ. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு தாத்தாவைப் பார்த்தார். தாத்தா டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நைனா அப்போதும் போய் அவர் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தார்.

"இன்னாபா இது? தெருவே நின்னு கெடக்குது. யாரு தறிய நிறுத்துனது?" என்று மாமா குதித்தார். நைனா சுவிட்சைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் டிவி பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"நான்தான் நிறுத்தச் சொன்னேன்" என்றார் நைனா. "இந்த ஆகாசக் கதய இன்னிக்குப் பாத்தே ஆவணும்னு இருந்தேன். தப்புதான். வந்தது வந்துட்டீங்க, உக்காந்து பாத்துட்டுப் போங்க."

எனக்கு வந்ததே கோபம்! இவருக்குக் கேப்டன் பேராவது தெரியுமா? ஒரு எபிசோடாவது முழுசாகப் பார்த்திருப்பாரா? மாமா தலையிலடித்துக்கொண்டு, "கெட்டுச்சு போ, ராக்கெட் பைத்தியம்" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அத்தை மாலையைப் பிடுங்கித் தெருவில் எறிந்தாள். நைனா வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார், வந்தவர்களும் உட்கார்ந்தார்கள்.

உட்கார்ந்தவர்கள் சும்மா இருந்தார்களா? "மாட்டிக்கினவன் கதவத் தட்ட மாட்டானா?" என்றார் தாத்தா. காற்று தீர்ந்துவிட்டது என்கிறவன் எப்படி இவ்வளவு பேசுகிறான் என்று மாமா கேட்டார். எனக்கும் அதே சந்தேகம்தான். ஆனால் அடுத்தவர் சொன்னால் விடுவேனா? ஆகாயத்தில் அப்படித்தான் என்று சண்டைக்குப் போனேன். கடைசி இரண்டு நிமிஷத்தில் உளவாளி யார் என்று காட்டினார்கள். சமையல்காரன்! அதுவரை அவனை யாருமே பார்த்ததில்லை. ஏழு பேரில் ஒருவன் என்று இழுத்துவிட்டு எட்டாவதாக ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்துவது அழுகுணி ஆட்டம். ஐந்து மார்க், அதற்கு மேல் கிடையாது என்று அங்கேயே முடிவு கட்டினேன்.

ஒவ்வொரு வீடாகத் தறிச் சத்தம் திரும்பியது. மறுநாள் எங்கள் சுவிட்ச் பெட்டிக்கு ஒரு பூட்டு வந்தது. எனக்கு ஒரு அடிகூட விழவில்லை, ஏன் என்று நானும் யோசிக்கவில்லை. தெரு நைனாவுக்கு ராக்கெட் என்று பேர் வைத்தது. இன்றைக்கும் ராக்கெட் வீடு என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். நியாயமாகப் பார்த்தால் அது எனக்கு வந்திருக்க வேண்டிய பேர்.

ஆறரைக்கு வருகிறேன். சமையல்காரன் முகமூடியைக் கழற்றும்போது நைனாவின் கை என் தோள்மேல் இருந்தது. எபிசோட் முடியும்வரை அந்தக் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. நான் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை, அதனால் அவர் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியாது. நைனாவையே இப்படி நடுங்க வைக்கிறது என்றால், எபிசோடின் அருமை நமக்குத்தான் தெரியவில்லையோ என்று நினைத்துக்கொண்டேன். சாயங்காலம் நோட்டை எடுத்து, ஐந்தை அடித்துவிட்டு ஆறரை என்று எழுதினேன்.