கட்டக் கூடாத கை

லிஃப்ட் மெக்கானிக்குக்கு எங்கேயும் இருப்புக் கொள்ளாது. உட்கார்ந்தால் கால் ஆடும், நின்றால் விரல் தாளம் போடும், படுத்தால் புரண்டு புரண்டு மனைவியின் போர்வையையும் சேர்த்துச் சுருட்டிக்கொள்வார். இப்படிப்பட்ட மனிதரை ஓரிடத்தில் நிறுத்தி வைக்கக்கூடியது ஒன்றே ஒன்றுதான், கைக்கடிகாரம். கடைக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு நல்ல வாட்ச்சைப் பார்த்துவிட்டால் போதும், ஏற வேண்டிய பஸ் அவர் முதுகை உரசிக்கொண்டு போனாலும் தெரியாது.

அவரிடம் ஒன்பது வாட்ச் இருந்தன. எதை எங்கே எப்போது கட்டுவது என்பதில் அப்படி ஒரு கண்டிப்பு. அந்தக் கண்டிப்பில் பாதியைப் பிரஷர் மாத்திரையிடம் காட்டியிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இருந்திருக்காது. வேலைக்குப் போக ரப்பர் பட்டை போட்டது. லிஃப்டின் கரண்ட் பெட்டியைத் திறக்கும்போது அதுவும் சட்டைப்பைக்குள் போய்விடும். பஸ்ஸுக்கு, கீறல் விழுந்த பழையது. கம்பியில் இடித்தாலும் மனசு நோகாது. பேங்குக்குத் தங்க நிறம், கவுன்டரில் இருப்பவர்கள் பார்க்கட்டும் என்று. தூங்குவதற்குக்கூட ஒன்று வைத்திருந்தார், இருட்டில் முள் பச்சையாக மினுங்கும். பாத்திரம் கழுவுகிற நாளில் கட்டிக்கொள்வது நூறு மீட்டர் ஆழத்துத் தண்ணீரையும் தாங்கும்.

"நம்ம வீட்டு ஸிங்க் எத்தனை மீட்டர் ஆழம்ங்க?" என்பாள் மனைவி. அவர் வாட்ச்சைத் தண்ணீரில் இன்னொரு தரம் முக்கி எடுப்பார்.

ஊரில் இவரைப் போலவே இன்னும் ஐந்து பேர் இருந்தார்கள். ஒரு பல் டாக்டர்தான் அவர்களுக்குத் தலைவர் மாதிரி. தினமும் காலை ஒன்பது மணிக்குள் ஆளுக்கொரு படம் போனில் அனுப்பியாக வேண்டும். இடது கை, அதில் அன்றைய வாட்ச், முகம் வேண்டாம். மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு பேக்கரி மாடியில் கூடி, மேசைக்கு நடுவில் ஆறு இடது கைகளையும் முஷ்டி மடக்கி வட்டமாக வைத்துப் படம் எடுப்பார்கள். பக்கத்து மேசையில் இருப்பவர்கள் ஏதோ சண்டைக்குச் சபதம் எடுக்கிறார்கள் போலிருக்கிறது என்று திரும்பிப் பார்ப்பார்கள்.

பிரஷர் மாத்திரையை மறந்து மறந்தே, ஐம்பத்திரண்டாவது வயதில் மெக்கானிக்கின் சிறுநீரகம் இரண்டும் கையை விரித்துவிட்டன. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம் நாற்காலியில். அதற்காக மணிக்கட்டில் இரண்டு ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைக்க வேண்டும் என்றார் டாக்டர்.

"வலது கை உங்க பொழைப்பு, அதைத் தொட வேண்டாம். இடது கையிலயே வச்சுடலாம். ஆனா அந்தக் கையில நல்ல குழாய் இது ஒண்ணுதான் பாக்கி. இது அடைச்சுப் போச்சுன்னா அடுத்தது வலது கைதான். அப்புறம் ஸ்பேனரை மறந்துட வேண்டியதுதான். அதனால இந்தக் கையில பாரம் தூக்கக் கூடாது, இதுமேல தலை வச்சுப் படுக்கக் கூடாது, வளையல், கயிறு, வாட்ச் எதையும் கட்டக் கூடாது."

"எவ்வளவு நாளைக்கு டாக்டர்?"

"எப்பவுமே."

தையல் ஆறியதும் மணிக்கட்டில் ஓர் அதிர்வு வந்து குடியேறியது. விரலை வைத்தால், மடியில் படுத்த பூனை குர்குர் என்பதைப் போல இருக்கும். அது இருக்கும்வரை குழாய் ஓடுகிறது என்று அர்த்தம். தினமும் காலையும் மாலையும் மனைவி அங்கே காதை வைத்துக் கேட்டுவிட்டு, "ஓடுது" என்பாள். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகுதான் அவளுக்கு மூச்சே வரும்.

வாட்ச்சை வலது கைக்கு மாற்றிப் பார்த்தார். ஒத்துவரவே இல்லை. சாவி கொடுக்கும் குமிழ் இப்போது முழங்கைப் பக்கம் திரும்பிக்கொண்டு முறைத்தது. ஸ்பேனரைத் திருகும் கை, பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கும் கை, பேங்கில் கையெழுத்துப் போடும் கை எல்லாமே அதுதான். எங்கே போனாலும் வாட்ச் எதிலாவது இடித்தது. கழற்றினார், கட்டினார், கழற்றினார். டயாலிசிஸ் நாற்காலியில் இடது கையை அசைக்கக் கூடாது, வலது கையில் பிடிக்காத இடத்தில் பிடித்த வாட்ச். நான்கு மணி நேரமும் கால் ஆடிய ஆட்டத்தில் நர்ஸ் வந்து, "சார், மெஷினே ஆடுது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நண்பர்களிடம் நோயைப் பற்றி மூச்சு விடவில்லை. பாவம் பார்த்துவிடுவார்களே என்ற பயம். வலது கைப் படம் போன முதல் நாளே, "என்ன மெக்கானிக், கண்ணாடியப் பாத்து போட்டோ எடுத்தீங்களா?" என்று பல் டாக்டர் எழுதினார். ஐந்து பேரும் சிரித்தார்கள். அன்று முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் மனைவி குளிக்கப் போன நேரத்தில், தோல் பட்டை வாட்ச்சைக் கடைசி ஓட்டையில் தளர்த்தி இடது கையில் மாட்டி, ஒரு படம் எடுத்துவிட்டுக் கழற்றினார். இரண்டே நிமிடம். அதிர்வு அப்படியேதான் இருந்தது. பிறகு அதுவே வழக்கமாயிற்று. ஒரு மாதம் கழித்து மனைவி கையும் களவுமாகப் பிடித்தாள்.

"ரெண்டு நிமிஷம்டி."

"அடைக்கிறதுக்கு எத்தனை நிமிஷம் வேணும்னு டாக்டர் சொன்னாரா? உங்களுக்கு நான் முக்கியமா, அந்த அஞ்சு பேர் முக்கியமா?" கேட்டுவிட்டு அழுதாள். இனிமேல் தொட மாட்டேன் என்று அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். நண்பர்களிடம் வேலை, வேலை என்று சாக்குச் சொல்லி மூன்று வாரம் காப்பாற்றவும் செய்தார்.

அந்த மாத ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வெளியூரிலிருந்து ஒருவர் வரப்போவதாகப் பல் டாக்டர் சொல்லியிருந்தார். மெக்கானிக் நான்கு வருடம் அலைந்து பிடித்த ஸ்டீல் வாட்ச்சுக்கு அச்சு அசலாக ஜோடி அவரிடம் இருக்கிறதாம். வந்தவர் அதைக் கட்டியிருந்தார். எல்லோரும் முஷ்டியை மடக்கி மேசைமேல் வைத்தார்கள். மெக்கானிக் சட்டைப்பையிலிருந்து தன் வாட்ச்சை எடுத்தார். ஸ்டீல் பட்டையில் தளர்த்திக்கொள்ள ஓட்டை கிடையாது, அது மூன்று வருடத்துக்கு முந்தைய கைக்கு அளவெடுத்தது. வெயில் காலம் வேறு, டயாலிசிஸ் முடிந்து இரண்டு நாள் ஆகி உடம்பில் தண்ணீர் சேர்ந்திருந்தது. வெயிலில் கை வீங்கும், ஸ்டீல் பிடிக்கும் என்று வாட்ச் கட்டும் எவனுக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். கொக்கியை அழுத்தி மூடினார், சட்டைக் கையைத் தழும்பின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டார்.

படம் எடுத்தாயிற்று. அத்தோடு கழற்றியிருக்கலாம். ஆனால் வந்தவர் பேச்சில் கெட்டிக்காரர். அந்த வாட்ச் எந்த ஆலையில் செய்தது, ஏன் நிறுத்தினார்கள், ஆறாம் எண் ஏன் ஒரு மயிரிழை சாய்ந்திருக்கிறது என்று ஒன்று விடாமல் சொன்னார். மெக்கானிக் வாய் பிளந்து கேட்டார். மூன்று மணி நேரம் அவருடைய கால் ஆடவே இல்லை.

திரும்பும் பஸ்ஸில்தான் கழற்றினார். மணிக்கட்டைச் சுற்றி பட்டையின் கண்ணிகள் ஒவ்வொன்றாகப் பதிந்திருந்தன. விரலை வைத்தார். இடம் மாற்றி வைத்தார். காதோடு அழுத்திப் பார்த்தார். பஸ் சத்தத்தில் கேட்கவில்லை என்று சொல்லிக்கொண்டு இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி, ஒரு சந்துக்குள் நின்று மறுபடி வைத்தார். அதிர்வு இல்லை.

அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் ஒருவேளை குழாய் பிழைத்திருக்கும். அவர் வீட்டுக்குப் போனார். மனைவி அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள், மாலைதான் வருவாள். வெந்நீரில் கையை வைத்தார். ரப்பர் பந்தை அமுக்கினார். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தார், இதோ வந்துவிடும், இதோ வந்துவிடும் என்று. போனை நான்கு முறை எடுத்தார், நான்கு முறையும் அவளிடம் என்ன சொல்வது என்று கீழே வைத்தார். அவளுடைய கோபத்துக்குப் பயந்தே ஐந்து மணி நேரத்தை நடந்து தீர்த்தார் அந்த மனிதர்.

மாலை அவள் வந்து செருப்பைக் கழற்றியதும் அவர் கையைப் பிடித்துக் காதை வைத்தாள். வெகு நேரம் வைத்திருந்தாள். பிறகு செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு ஆட்டோ பிடிக்க ஓடினாள்.

டாக்டர்கள் குழாய்க்குள் கம்பி விட்டுப் பார்த்தார்கள், மருந்து விட்டுப் பார்த்தார்கள். பலிக்கவில்லை. இரண்டு மாதம் டயாலிசிஸுக்காகக் கழுத்தில் ஊசிக்குழாயோடு திரிந்தார். வலது கையில் புதிதாகத் தைத்து, அது ஓடத் தொடங்கிய அன்று டாக்டர் பழைய பட்டியலையே இந்தக் கைக்கும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி பீரோவைத் திறந்து ஒன்பது வாட்ச்சையும் தட்டோடு கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"கட்டிக்கோங்க. அந்தக் கை இனிமே சும்மாதான கிடக்கு."

குத்திக் காட்டுகிறாளா, மனதாரச் சொல்கிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை. நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்கவும் துணிவில்லை.

கம்பெனியில் நல்ல மனசு பண்ணி, புகார் எழுதும் மேசையில் உட்கார வைத்தார்கள். போன் வந்தால் எடுக்க வேண்டும், விலாசத்தை எழுத வேண்டும், ஆள் அனுப்ப வேண்டும். இடது கையில் வாட்ச் கட்டிக்கொண்டு நாள் முழுக்க அங்கே உட்கார்ந்திருந்தார். யாரும் கழற்றச் சொல்லவில்லை.

ஒரு புதன்கிழமை மத்தியானம் ஒரு பெண் குரல் வந்தது. ஐந்து மாடிக் கட்டடம், லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது, கைக்குழந்தையோடு உள்ளே தனியாக இருக்கிறாள். விலாசத்தைக் கேட்டதுமே அவருக்குப் புரிந்துவிட்டது. அடுத்த தெரு. அந்த லிஃப்டை அவரே நாலைந்து முறை பிரித்துப் போட்டிருக்கிறார். மேலே போய் ஒரு கையால் பிரேக்கைத் தளர்த்திப் பிடித்து, மறு கையால் மோட்டார் சக்கரத்தைப் பலமாகச் சுற்றினால் ஐந்து நிமிட வேலை. ஆட்கள் எல்லோரும் ஊரின் அந்தக் கோடியில் இருந்தார்கள்.

"சார், எவ்வளவு நேரம் ஆகும்?"

"முக்கால் மணி நேரம் ஆகும்மா. ஆள் கிளம்பியாச்சு. காத்து வரும், பயப்படாதீங்க. நான் லைன்லயே இருக்கேன்."

"முக்கால் மணி நேரமா? பக்கத்துல யாருமே இல்லையா சார்?"

குழந்தை வீறிட்டு அழுதது. மெக்கானிக் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். ஜன்னல் வழியே அந்தக் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டிகூடத் தெரிந்தது. வலது கை விரல்கள் தாமாகவே மடங்கி, இல்லாத சக்கரத்தைப் பிடித்துக்கொண்டன.

"இல்லம்மா," என்றார். "பக்கத்துல யாரும் இல்ல."