கொள்ளு இல்லாத கொள்ளுக்கொடி

இன்றைக்குக் காலையில் எங்கள் ஊர் வளைவில் ரோட்டு ஆபீஸ் ஜீப் ஒன்று நின்றது.

தானாக நிற்கவில்லை. நாங்கள்தான் நிறுத்தினோம்!

முதலில் இருந்து சொல்கிறேன். போச்சம்பள்ளிக்குப் போகிற எங்கள் ரோட்டை அகலமாக்கினார்கள். நல்ல காரியம்தான். அன்றிலிருந்து கம்பெனி பஸ்கள் எல்லாம் விமானமாகி விட்டன.

வீடு இந்தப் பக்கம், பால் சொசைட்டி அந்தப் பக்கம். நடுவில் நாங்கள், கையில் கேனோடு.

ஆறு மாதத்துக்கு முன்னால் பக்கத்து வீட்டு மாதம்மா ஒரு பஸ்ஸுக்குத் தப்பி ஓரத்தில் போய் விழுந்தாள். உயிர் தப்பியது, கேன் தப்பவில்லை. தட்டாக நசுங்கி விட்டது. (இப்போது அதில்தான் கோழிக்குத் தவிடு வைக்கிறாள்.)

வளைவில் ஒரு வேகத்தடை கேட்டுப் பெண்கள் எல்லாம் ஆபீசுக்குப் போனோம்.

அங்கிருந்த சார் மரியாதையாக உட்கார வைத்துத்தான் பேசினார். இந்த வகை ரோட்டில் வேகத்தடை போட விதியில் இடமில்லையாம். வந்த பணமும் அகலப்படுத்த வந்த பணமாம். வேறு வேலைக்கு எடுத்தால் ஆடிட்டில் கேட்பார்களாம்.

(சாம்பாருக்கு வாங்கின பருப்பில் நான் ரசம் வைக்கிறேன். நல்லவேளை, என் அடுப்படிக்கு ஆடிட் வருவதில்லை!)

பெயிண்டுக்கு மட்டும் அந்தப் பணத்தில் இடம் உண்டாம். அதனால் நடந்து கடக்கிறவர்களுக்கு வெள்ளைக் கோடு போட்டுக் கொடுத்தார்கள்.

வளைவில் போடக் கூடாது, நேரான ரோட்டில்தான் போட வேண்டும் என்பது விதி. ஊரைத் தாண்டிப் போய்ப் போட்டார்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் மாந்தோப்புச் சுவர், இந்தப் பக்கம் சாக்கடைப் பள்ளம்.

அளவெல்லாம் சுத்தம். ஆள்தான் கடக்க முடியாது.

அப்புறம் கொள்ளு அறுவடை வந்தது. பிடுங்கின கொடியை ரோட்டில் பரப்பி விடுவது எங்கள் பக்கத்து வழக்கம். வண்டிகள் ஏறிப் போனால் காய் உடைந்து கொள்ளு உதிர்ந்து விடும்.

இந்த வருஷம் எல்லா வீட்டுக் கொடியையும் அந்த வளைவிலேயே பரப்பினோம். பஸ் எல்லாம் பூனை மாதிரி வந்தது! ஒரு டிரைவர் கன்னடத்தில் திட்டினார், மாதம்மா தெலுங்கில் பதில் சொன்னாள். இரண்டு பேருக்கும் நன்றாகவே புரிந்தது.

கொள்ளு எல்லாம் உதிர்ந்த பிறகும் நாங்கள் அந்தக் கொடிச் சக்கையை விடவில்லை. தினமும் பால் நேரத்துக்குப் பரப்புவது, பிறகு வாரி வைப்பது.

இன்றைக்கு அதில்தான் அந்த சாரின் ஜீப் வந்து நின்றது. நாங்கள் வரிசையாக, நிதானமாகக் கடந்தோம்.

சார் இறங்கி ஒரு பிடி எடுத்துக் கசக்கிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, ஒரு கொள்ளு கூட இல்ல. சக்கையப் போய் எதுக்குக் காய வெக்கறீங்க?"

மாதம்மா புதுக் கேனை இடுப்பில் ஏற்றிக்கொண்டு சொன்னாள்:

"ஆளே கடக்க முடியாத எடத்துல நீங்க கோடு போட்டிருக்கீங்க சார். கொள்ளே இல்லாத கொடிய நாங்க போட்டிருக்கோம். இதுல இன்னா தப்பு?"

ஜீப் டிரைவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

பைக் வழுக்கும் என்றார் சார். ஓரத்தில் பைக்குக்கு வழி விட்டிருப்பதை நான் காட்டினேன். சார் கையில் இருந்த சக்கையை உதறினார்.

"மேல எழுதிப் போடறேன்மா."

அவர் எழுதி, மேலே இருப்பவர் படித்து, அதற்கென்று ஒரு பணம் வருகிற வரைக்கும் எங்கள் சக்கை தாங்காது. இப்போதே பாதி தூளாகி விட்டது.

பர்கூர், காவேரிப்பட்டணம் பக்கம் யார் வீட்டிலாவது கொள்ளுக்கொடி மிச்சம் இருக்கிறதா? எங்கள் வளைவுக்குக் கொண்டு வாருங்கள்.

கொள்ளு உங்களுக்கு, சக்கை எங்களுக்கு!