ஆளில்லாத தட்டு

ஹொசகேரி அரசு பெண் குழந்தைகள் இல்லத்தில் ஹுக்கி வாசம் அடித்தால் அன்றைக்கு ஆய்வு என்று பிள்ளைகளுக்குத் தெரியும். கோதுமையும் வெல்லமும் குழையக் குழையக் கிண்டிய ஹுக்கியை மற்ற நாட்களில் அங்கே யாரும் கண்ணால் பார்த்ததில்லை. அதைக் கிண்டுகிறவள் சங்கவ்வா. அந்த வாசம் வந்தாலே அவளுக்குக் குமட்டும்.

சங்கவ்வாவும் அந்த இல்லத்துப் பிள்ளைதான். ஐந்து வயதில் பஸ் ஸ்டாண்டில் அழுதுகொண்டு நின்றவளைப் போலீஸ்காரர் கொண்டுவந்து விட்டார். பதினெட்டு முடிந்ததும் சட்டப்படி வெளியே போ என்றார்கள். எங்கே போவது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வாசலில் இறங்கி, சுற்றிக்கொண்டு போய்ப் பின்வாசலில் சமையலுக்கு ஆள் வேண்டுமா என்று கேட்டாள். அன்றிலிருந்து அந்த அடுப்படிதான் அவள் வீடு. அரசாங்கம் அவளை வளர்த்ததாம். வந்தவர்களிடமெல்லாம் மேடம் பெருமையாகச் சொல்லுவாள். சங்கவ்வாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மேடம் என்றால் சுமங்களா மேடம், இல்லத்தின் கண்காணிப்பாளர். அவள் போட்ட சட்டம் ஒன்று உண்டு. பந்தியில் எல்லாத் தட்டுக்கு முன்னாலும் ஆள் உட்கார்ந்த பிறகுதான் வசனம் என்கிற சாமிப் பாட்டைச் சொல்ல வேண்டும். வசனம் முடிந்த பிறகுதான் சோற்றில் கை வைக்கலாம். முந்திக் கை நீட்டிய பிள்ளைக்கு மர ஸ்கேலால் விரல் முட்டியில் விழும். ஆய்வுக்கு வருகிறவர்கள் அந்த ஒழுங்கைப் பார்த்து மெய்மறந்து போவார்கள்.

இந்தத் தடவை ஆய்வுக்கு முந்தின வாரம் ஹுலிகெவ்வா என்ற பத்து வயதுப் பிள்ளை கொதிக்கும் பருப்புக் குண்டானைத் தூக்கும்போது வலது கையில் கவிழ்த்துக்கொண்டாள். பிள்ளைகளைக் குண்டான் தூக்க வைக்கக் கூடாது. சமையலுக்கு இரண்டு பேர் வேண்டிய இடத்தில் ஒருத்தியை வைத்தால் வேறு யார் தூக்குவார்கள்?

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போலாம் மேடம். தோல் உரிஞ்சு தொங்குது" என்றாள் சங்கவ்வா.

"போனா எப்படிச் சுட்டுச்சுன்னு கேப்பான். போலீஸுக்கு எழுதுவான். ஆய்வு முடியட்டும், பாக்கலாம். மஞ்சள் போடு."

மஞ்சள் போட்டாள். கை வீங்கியது, சீழ் கோத்தது, காய்ச்சல் ஏறியது. சங்கவ்வா டீக்கடை போனிலிருந்து குழந்தைகளுக்கான இலவச உதவி எண்ணைக் கூப்பிட்டுச் சொன்னாள். மறுநாள் காலை பிரார்த்தனையில் மேடம் சிரித்துக்கொண்டே கேட்டாள்: "யாருக்குடி இங்க நாக்கு அரிக்குது?" புகார் யார் மேலோ, அவளிடமே நேராகப் போய்ச் சேர்ந்திருந்தது. அரசாங்கத்தில் எந்தக் காகிதமும் அத்தனை வேகமாகப் போய் சங்கவ்வா பார்த்ததில்லை.

ஆய்வன்று காலையில் ஹுலிகெவ்வாவை அரிசி மூட்டை அடுக்கும் ஸ்டோர் ரூமில் போட்டுப் பூட்டி, சாவியை மேடம் இடுப்பில் செருகிக்கொண்டாள். பீரோவிலிருந்து புதுப் போர்வைகள் வெளியே வந்தன. சாயங்காலம் அவை மடிப்புக் கலையாமல் உள்ளே போய்விடும். சங்கவ்வா ஹுக்கி கிண்டினாள். கிண்டக் கிண்ட அவளுக்குள் என்னவோ அடிபிடித்தது.

ஆய்வுக் குழுத் தலைவர் சென்னவீரப்பா வந்தார். ஆரத்தி, சால்வை, வரவேற்புப் பாட்டு எல்லாம் ஆயிற்று. "எல்லாரும் நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டார். மேடம் பக்கத்தில் நிற்கும்போது வேறு என்ன சொல்லுவார்கள்? "நல்லா இருக்கோம் சார்!" என்று அத்தனை பிள்ளைகளும் கத்தினார்கள். அவர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுச் சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்தார். பிள்ளைகளின் சாப்பாட்டை ருசி பார்ப்பதும் ஆய்வில் சேர்த்தி. அவருக்குத் தனி நாற்காலி, மேடம் வீட்டு வெள்ளித் தட்டு.

சங்கவ்வா பரிமாறினாள். சோள ரொட்டி, எண்ணெய்க் கத்திரிக்காய், ஹுக்கி. நடுவில் ஒரு தட்டுக்கு முன்னால் ஆள் இல்லை. அதிலும் எல்லாம் வைத்தாள்.

"பாருங்க சார், ஹுக்கி முன்னாடி இருந்தாலும் எங்க பிள்ளைங்க தொட மாட்டாங்க" என்றாள் மேடம். "ம், வசனம் ஆரம்பிங்கடி."

யாரும் ஆரம்பிக்கவில்லை.

"சொல்லுங்கடி!"

முதலில் எடுத்துச் சொல்ல வேண்டிய பெரிய பெண் அந்தத் தட்டைப் பார்த்தாள், மேடத்தைப் பார்த்தாள், வாயைத் திறக்கவில்லை. அடித்து அடித்துப் பழக்கிய பாடம், மறக்குமா?

மேடம் பல்லைக் கடித்தாள். "சங்கவ்வா, அந்தத் தட்டை எடு."

"எடுக்க மாட்டேன் மேடம். அது ஹுலிகெவ்வாவோடது."

"யாரது? எங்க அந்தப் பொண்ணு?" என்றார் தலைவர்.

"ஆஸ்பத்திரியில இருக்கா சார்" என்றாள் மேடம்.

பக்கத்துத் தட்டுக்கு முன்னால் இருந்த குட்டி கௌரி மெல்லச் சொன்னாள்: "இல்ல சார். ஸ்டோர் ரூம்ல பூட்டி வச்சிருக்காங்க. அவ கை நாறுது."

தலைவர் மேடத்தைப் பார்த்தார், தன் தட்டைப் பார்த்தார். "சரி சரி, மொதல்ல பிள்ளைங்க சாப்பிடட்டும். அப்புறம் விசாரிக்கலாம்" என்று ஹுக்கியில் கை வைத்தார்.

சங்கவ்வா கரண்டியை விட்டெறிந்தாள். அது சுவரில் பட்டு விழுந்தது.

"அப்புறமா? எனக்கு ஒம்போது வயசா இருக்கும்போது உடம்பெல்லாம் சொறி. இதே மாதிரி ஆய்வு நாள்ல, அதே ஸ்டோர் ரூம்ல போட்டுப் பூட்டினாங்க. கதவைத் தட்டித் தட்டிக் கத்தினேன். இங்க ஒரு பெரிய மனுஷன் 'ஹுக்கி பிரமாதம்'னு சொன்னது எனக்கு உள்ள கேட்டுச்சு. நான் கத்தினது மட்டும் அவருக்குக் கேக்கல. நீங்களாவது எந்திரிங்க சார்!"

தலைவரின் கை தட்டிலேயே நின்றது. சங்கவ்வா மேடத்தின் முன் கையை நீட்டினாள். "சாவி." மேடம் தலைவரின் முகத்தைப் பார்த்தாள். அங்கிருந்து எந்த உதவியும் வரவில்லை. இடுப்பிலிருந்து சாவி வந்தது.

ஹுலிகெவ்வாவைத் தலைவரின் ஜீப்பிலேயே கொண்டுபோனார்கள். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் கையை எடுத்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். கை பிழைத்தது. இரண்டு விரல் மடங்காது.

சுமங்களா மேடத்துக்குத் தண்டனை கிடைத்தது. வேறு ஊரில், இதைவிடப் பெரிய இல்லத்துக்கு மாற்றினார்கள். அங்கேயும் ஸ்டோர் ரூம் இருக்கும். சங்கவ்வாவுக்கு வேலை போயிற்று. ஆய்வின்போது குழந்தைகளை நேரத்துக்குச் சாப்பிட விடாமல் பசியோடு காக்க வைத்தாள் என்பது குற்றம்.

"காக்க வச்சியா இல்லியா?" என்று கேட்டார் விசாரணைக்கு வந்த அதிகாரி.

"வச்சேன் சார்" என்றாள் சங்கவ்வா. "ஒரு பிள்ளை குறைஞ்சுது."