கள்ளிக்குப்பம் முதல் பூந்தமல்லி வரை, பிளாஸ்க் ஆறாமல்

சூபாபுல் மரத்தின் இலையை அதிகம் தின்றால் மாட்டுக்கு முடி உதிரும். கள்ளிக்குப்பம் தேவகியம்மாவின் மாடு தினமும் அதைத்தான் தின்கிறது. ஒரு முடி உதிரவில்லை. அதன் முதல் இரைப்பையில் ஒரு பாக்டீரியா அந்த இலையின் நஞ்சை முறிக்கிறது என்று எட்டு ஆண்டுகளுக்கு முன் எழுதினேன். "சோதனைக் குழாயில் கலந்த அழுக்கு" என்று என் துறைத் தலைவர் ஆய்வுக் கோப்பை மூடினார். இப்போது ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு நலமாக இருக்கிறார்.

பாக்டீரியாவை உயிரோடு வளர்த்து, அதன் மரபணுத் தொடரை முழுதாகப் படித்தால்தான் என் பேச்சு எடுபடும். மாடு ஞாயிறன்று விலைக்குப் போகிறது என்றார்கள். அதனால் சனிக்கிழமையே கிளம்பினேன்.

இரைப்பையிலிருந்து எடுத்துவரும் நீரில் காற்று படக்கூடாது, சூடும் ஆறக்கூடாது. முந்தைய மாதம் பூந்தமல்லி ஆய்வகத்தின் வரவேற்புப் பெண் நல்லெண்ணத்தில் பிளாஸ்க்கைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டார். எல்லாம் செத்தது. இத்தனைக்கும் அதன்மேல் நான்கு வரி ஆங்கிலத்தில், இலக்கணப் பிழையில்லாமல், எச்சரிக்கை ஒட்டியிருந்தேன்.

காலை 7.10. கால்நடை மருத்துவர் மாட்டின் வாய்வழியே குழாய் விட்டு, பிளாஸ்க்கை விளிம்புவரை நிரப்பி மூடினார். என் பழைய சீட்டைப் பார்த்து தேவகியம்மா சிரித்தார்.

"இன்னா சார், கதையா எழுதிக்கீற? சூடா கீதுன்னு தமிழ்ல எழுது, போதும்."

"சூடு. குளிரில் வைக்காதே" என்று பெரிதாக எழுதி ஒட்டினேன்.

7.40க்கு ஆட்டோ. ஆவடி வழியாக 16 கிலோமீட்டர், 380 ரூபாய்.

"இன்னா சார் நாத்தம்?" என்றார் ஓட்டுநர்.

"மாட்டு வயித்துல இருக்கிற கிருமி. நல்ல கிருமிதான்."

"நல்லதுன்னா மாட்டாண்டயே உட வேண்டியதுதானே? ஏன் தூக்கிகினு அலையிறீங்க?"

மூடியை மறுபடி இறுக்கினேன். திருமுல்லைவாயிலில் 25 நிமிடம் வண்டி நகரவில்லை. பிளாஸ்க்கைச் சட்டைக்குள் விட்டு வயிற்றோடு அணைத்துக்கொண்டேன். கண்ணாடியில் அதைப் பார்த்த ஓட்டுநர் வண்டியைச் சாலையிலிருந்து திருப்பினார். சந்து சந்தாகப் புகுந்து ஓட்டினார்.

9.05க்கு ஆய்வகம். அதே பெண் பிளாஸ்க்கை வாங்கி, குளிர்பெட்டியை நோக்கி நடந்தார். பின்னாலேயே இரண்டடி வைத்தேன். பாதியில் நின்று சீட்டைப் படித்தார்.

"இது சூட்டுல வைக்கணுமா சார்? அப்ப உள்ளயே நேரா கொடுத்துடறேன்."

உள்ளே அளந்தார்கள்: 38 டிகிரி. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பாட்டில் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தேன்.

ஏழு வாரம் கழித்து அறிக்கை வந்தது. பாக்டீரியா வளர்ந்திருந்தது, நஞ்சை முறிக்கும் மரபணுக்கள் அதன் தொடரிலேயே இருந்தன. அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

இதே வேலையாகப் போகிறவர்களுக்கு: பிளாஸ்க்கை முதலில் வெந்நீர் ஊற்றிச் சூடேற்றுங்கள். ஏழு மணிக்கே கிளம்புங்கள், ஏழே முக்காலுக்கு மேல் ஆவடிச் சாலை நகராது. எச்சரிக்கையை மூன்று சொல்லுக்குள் முடியுங்கள்.

அறிக்கையின் பிரதி ஒன்றைத் துறைத் தலைவருக்கும் அனுப்பினேன். முதல் பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டினேன்: "அழுக்கு இல்லை, ஐயா."