பாங்கு கேட்டதும் குத்தி வைத்த ஊசி

இரண்டு வருடங்களுக்கு முன், கச்சான் காற்று மணலை அள்ளி வீசிக்கொண்டிருந்த ஒரு பின்னேரம், குறிஞ்சிப்பிட்டியில் எங்கள் வீட்டு விறாந்தையில் தொடங்கியது இது.

துண்டுத் துணிகளை ஒட்டிப் போர்வை தைப்பது எங்கள் குடும்பத்துப் பழக்கம். மேலே சதுரத் துண்டுகள், நடுவில் ஆண்கள் உடுத்திக் கழித்த பழைய சாரன், கீழே மெல்லிய பருத்தித் துணி. மூன்றையும் சேர்த்துக் கையால் நூலோட்டுவோம். போர்க்காலத்தில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வெறுங்கையோடு இங்கே வந்த பிறகும் உம்மா அதை விடவில்லை. உறவில் ஒரு பிள்ளை பிறந்தால் எங்கள் வீட்டிலிருந்து ஒரு போர்வை போகும். பார்த்தவர்களெல்லாம் தங்களுக்கும் கேட்கத் தொடங்க, நானும் என் மூத்த சகோதரி ராத்தாவும் ஒரு தையல் மிஷின் வாங்கி அதையே தொழிலாக்கிக்கொண்டோம். ராத்தா எதையும் இரண்டு தரம் பார்க்கிறவள். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. "நீ பார்த்து முடிக்கிறதுக்குள்ள பிள்ளை பள்ளிக்கூடம் போயிரும்" என்று அவளை நக்கலடிப்பேன்.

எங்களிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. பாங்கு கேட்டதும் கையிலிருக்கும் ஊசியைத் துணியின் உள்மடிப்பில் குத்திவிட்டுத் தொழ எழும்பிவிடுவோம். கீழே வைத்தால் யார் காலிலாவது ஏறிவிடும் என்பது உம்மாவின் பயம். குத்தியவர் திரும்பி வந்து எடுப்பார். வீட்டுக்கு மட்டும் தைத்த காலத்தில் அதனால் ஒரு கரைச்சலும் வந்ததில்லை.

அன்றைக்குப் பள்ளிவாசல்துறையில் ஒரு பிள்ளைக்கு நாற்பதாம் நாள். எங்கள் போர்வையில் கிடத்தித்தான் வருகிறவர்களுக்குக் காட்டப்போகிறார்கள். அஸர் பாங்கு சொல்லும்போது ஒரு பக்க ஓரம் மட்டும் தைக்க மிச்சமிருந்தது. ஊசியைக் குத்திவிட்டுப் போனேன். தொழுதுவிட்டு வந்தால், பிள்ளையின் மாமா மோட்டார் சைக்கிளோடு வாசலில் நிற்கிறார்.

மிச்ச ஓரத்தை அடித்து முடிக்க மிஷினில் உட்கார்ந்த ராத்தா, "ஊசிய எடுத்திட்டியா?" என்று கேட்டாள்.

பொதி செய்யக் கடதாசி தேடிக்கொண்டிருந்த நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஓம் ஓம், நீ தை" என்றேன்.

அவர் போர்வையை வாங்கிக்கொண்டு போய்க் கொஞ்ச நேரத்தில் அடுத்த போர்வையை மடியில் விரித்துக்கொண்டு ஊசிக்காகக் கையை நீட்டினேன். ஊசி போட்டு வைக்கும் டின்னில் இல்லை. பாயில் இல்லை. அப்போதுதான் எங்கே குத்தினேன் என்பது ஞாபகம் வந்தது. பிள்ளையின் மாமாவுக்குப் போன் அடித்தோம், அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு ஓட்டோவில் இரண்டு பேரும் ஏறினோம்.

அந்த வழி நெடுக நான் யோசித்தது பிள்ளையைப் பற்றி மட்டும்தான் என்று சொன்னால் அது பொய். ஊசி விஷயம் வெளியே வந்தால் இனி யார் எங்களிடம் தைக்கக் கொடுப்பார்கள் என்பதும் ஓடியது. "சாயம் போகுதெண்டு சொல்லி வாங்கிருவம்" என்றேன். ராத்தா என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

பிள்ளையின் வீட்டுக்குள் போனால், பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவே எங்கள் போர்வை. அதன்மேல் பிள்ளை தூங்குகிறது.

நான் சிரிக்க முயன்றேன். "தங்கச்சி, இதில ஒரு துண்டு சாயம் போகுது. வேற ஒண்டு தாறன், இதத் தாங்க."

பிள்ளையின் தாய் சிரித்தாள். "போனாப் போகட்டும். எப்படியும் இவள் நனைக்கத்தானே போறாள்? நல்லாத் தூங்குறாள், எழுப்ப வேணாம்."

பிள்ளை காலை உதைத்துக்கொண்டு மெல்ல ஒரு பக்கம் சரிந்தது. நான் கத்திவிட்டேன்.

"தூக்குங்க! உள்ளுக்கு ஊசி இரிக்கு!"

தாய் வாரித் தூக்கிய வேகத்தில் பிள்ளை வீரிட்டது. சட்டையைக் கழற்றி, முதுகு, கழுத்து, கைகால் என்று ஒவ்வொரு இடமாகத் தடவினாள். ஒரு கீறல்கூட இல்லை. அல்ஹம்துலில்லாஹ்!

போர்வையை எத்தனை அமத்தியும் ஊசி தட்டுப்படவில்லை. ராத்தா கத்தரிக்கோல் வாங்கி ஓரத்தைப் பிரித்தாள். நடுச் சாரனின் மடிப்புக்குள், ஓரத்திலிருந்து ஒரு சாண் உள்ளே கிடந்தது. பிள்ளையின் தலை இருந்த பக்கம்.

தாய் அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். ஏசுவாள் என்று நின்றேன். ஏசியிருந்தால் பரவாயில்லை.

"ஊசி எண்டு தெரிஞ்சுதானே வந்தீங்க? அப்ப ஏன் சாயம் எண்டு சொன்னீங்க?"

நான் அழுதுவிட்டேன். அவள் ஊசியை என் கையில் தந்தாள். "இதாலயே, இங்கயே இருந்து தைச்சித் தாங்க."

எல்லோரும் பார்த்திருக்க, தலை நிமிராமல் தைத்தேன். கடைசித் தையல் நெருங்கும்போது பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு கேட்டது. என் கை தன்பாட்டில் ஊசியை உள்மடிப்புக்குக் கொண்டுபோனது. அறையில் இருந்த அத்தனை கண்ணும் அந்தக் கையில். கடைசித் தையலையும் போட்டு நூலை அறுத்து, ஊசியை அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டு எழும்பினேன்.

இன்று எங்களோடு இன்னும் நாலு பெண்கள் தைக்கிறார்கள். பாங்கு கேட்டால் எல்லா ஊசியும் டின்னுக்குள் வந்ததை ராத்தா இரண்டு தரம் பார்த்த பிறகுதான் எழும்புவோம். நான் நக்கலடிப்பதில்லை. அந்தத் தாய் தன் தங்கையின் பிள்ளைக்கும் எங்களிடமே போர்வை வாங்கினாள். ஊசியை மறந்ததை அவள் மன்னித்துவிட்டாள் என்று அதிலிருந்து தெரிந்துகொண்டேன். ஆனால் அந்தச் சின்னப் பிள்ளை அதன்மேல் கிடக்கும்போதே நின்று சாயத்தைப் பற்றிக் கதைத்தேனே, அதை எனக்கு நானே இன்னும் மன்னிக்கவில்லை.