குழாய் பிடிக்கும் கை

எங்கள் பக்கத்தில் சங்கு குளிக்கிறவனுக்குக் குழாய் பிடிப்பது மச்சான்தான். படகில் கம்ப்ரசர் ஓடும். அதிலிருந்து காற்று ஒரு நீளக் குழாய் வழியாகக் கடலுக்கடியில் இருப்பவனின் வாய்க்குப் போகும். மேலே இருப்பவன் அதை மடங்காமல், சிக்காமல் விட்டுக்கொடுக்க வேண்டும். கீழிருந்து இழுத்தால் உடனே தூக்க வேண்டும். முத்துக் குளித்த காலத்துக் கயிறு இன்று குழாயாகிவிட்டது. பிடிக்கிற ஆள் மாறவில்லை. தங்கையின் தாலி அறுபட எந்த அண்ணன் விடுவான் என்ற நம்பிக்கை.

என் கணவர் குளிக்கிறவர். குழாய் பிடிப்பது என் அண்ணன். அண்ணனுக்குக் காலையிலேயே குடி வேண்டும்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்து, கல்லூரி வாசலையும் மிதித்த முதல் ஆள் நான். தூத்துக்குடியில் ஒரு குடிநோய் சிகிச்சை மையத்தில் ஆலோசகராக இருக்கிறேன். என்னிடம் பேசிப் பேசியே குடியை விட்டவர்கள் உண்டு. அந்தப் பெருமையை நான் மறைப்பதில்லை. ஆனால் சில மாதங்களாக, படகு கிளம்பியதிலிருந்து திரும்பும்வரை என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. எதிரில் ஒருவர் அழுதுகொண்டிருக்கும்போதே என் கண் போனுக்குப் போகும்.

வேறு ஆளை வைக்கச் சொன்னேன். கணவர் கேட்கவில்லை. "மச்சான் இருக்கும்போது இன்னொருத்தன் கையில குடுத்தா, அவரு ஊருக்குள்ள தலை நிமிர்ந்து நடக்க முடியுமா?" என்றார்.

அம்மா அண்ணனை மாதா கோயிலுக்கு இழுத்துப்போய் சத்தியம் வாங்கினாள். சத்தியம் உடைந்தது. அந்த வெட்கத்தில் அவன் கோயிலுக்குப் போவதை விட்டான்; குடி கூடியது. நான் என் பங்குக்கு மையத்திலிருந்து கெட்டுப்போன ஈரலின் படத்தைக் கொண்டுவந்து காட்டினேன். அவன் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "ஏளா, பாவம் இவன். நான் இவ்வளவு மோசமில்லியே" என்றான்.

எனக்குப் பயிற்சியில் சொன்னதே வேறு. விடு விடு என்று நாம் வாதாடினால், எதிரில் இருப்பவர் குடியின் பக்கம் நின்று வாதாடுவார். தன் வாயால் சொன்னதைத்தான் மனிதர் நம்புவார். ஆகவே மாறுவதற்கான காரணம் அவர் வாயிலிருந்து வரவேண்டும். நாம் கேட்க வேண்டும், காத்திருக்க வேண்டும். அந்நியரிடம் அது எனக்குச் சுலபம். சொந்தக்காரருக்கு ஆலோசனை தரக்கூடாது என்றும் மையத்தில் சொல்வார்கள். ஆனால் அண்ணன் வேறு எவரிடமும் போகத் தயாராக இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடலுக்குப் போகாத நாள். அண்ணன் முற்றத்தில் காற்றுக் குழாயின் உப்பை நல்ல தண்ணீரில் கழுவிக்கொண்டிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து, குடியைப் பற்றி ஒன்று கேட்கலாமா, வேண்டாமென்றால் விட்டுவிடுகிறேன் என்றேன்.

"படம் கொண்டுவந்திருக்கியா?"

"இல்ல."

"அப்பக் கேளு."

குடியில் அவனுக்குப் பிடித்தது என்ன என்று கேட்டேன். அதை யாரும் கேட்டதில்லை போலும். தூக்கம் வரும், கம்ப்ரசர் சத்தம் காதைவிட்டுப் போகும், காலையில் உடம்பு நடுங்காது என்று சொல்லிக்கொண்டே போனான். அவன் சொன்னதையே அவனிடம் திருப்பிச் சொன்னேன். பிறகு, குடியை விடுவது அவனுக்கு எவ்வளவு முக்கியம், சைபரிலிருந்து பத்துக்குள் ஒரு எண் சொல்லச் சொன்னேன்.

"மூணு."

என் தாலிக்கு மூணா? வார்த்தை பல்வரை வந்துவிட்டது. புடவைத் தலைப்பைக் கைக்குள் சுருட்டிக்கொண்டு, பழகிய கேள்வியைக் கேட்டேன்: "ஏன் அண்ணே சைபர்னு சொல்லல?"

அவன் கழுவுவதை நிறுத்தினான். திறந்து கிடந்த பைப்பிலிருந்து தண்ணீர் முற்றமெங்கும் ஓடியது. எழுந்துபோய் அடைக்கக் கால் துடித்தது. அசையாமல் இருந்தேன்.

"மாப்பிள்ள கீழ இருக்கையில மூச்சு விடுறது குழாயில தெரியும்" என்றான். "கைக்குள்ள ஒரு துடிப்பு மாதிரி. இப்ப எங் கை ஆடுற ஆட்டத்துல, அது மூச்சா ஆட்டமான்னு வெளங்க மாட்டேங்கு."

கத்தாமல், "மாப்பிள்ள மூச்சு ஒனக்குத் தெரியாமப் போயிருமோன்னு பயமா இருக்கு" என்றேன்.

"பயமெல்லாம் இல்ல." குழாயைக் கீழே வைத்துவிட்டு, "ஆமா" என்றான்.

என்ன செய்யலாம் என்று நினைக்கிறாய் என்று கேட்டேன். அவனே எழுந்து தண்ணீரை அடைத்தான். "நாளைக்கு எறங்க வேண்டாம்னு மாப்பிள்ளைட்ட நானே சொல்லிருதேன்." திரும்பாமலே, கை ஆட்டத்துக்கு உங்கள் ஆஸ்பத்திரியில் மருந்து இருக்கிறதா என்று கேட்டான். கேட்டதால் சொன்னேன்: வீட்டிலேயே சட்டென்று நிறுத்துவது ஆபத்து, முதல் சில நாள் டாக்டர் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும்.

திங்கட்கிழமை படகு கட்டியபடியே கிடந்தது. டவுன் பஸ்ஸில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவன் எழுந்து எழுந்து உட்கார்ந்தான். இறங்கிவிடுவானோ என்று நானும் கூடவே எழுந்தேன்.

மையத்தில் நர்ஸம்மா, யார் கூட்டிவந்தது என்று அவனிடம் கேட்டார்.

"யாரும் கூட்டிட்டு வரல. நானாத்தான் வந்தேன்."

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு கிடையாது. அவன் டிக்கெட்டை எடுத்தவளே நான்தான். வாயை இறுக மூடிக்கொண்டு, அவன் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.